லேப் சுவருக்கு எந்தப் படம்? பறக்கக் கற்ற காலத்துப் புகைப்படங்கள்

பள்ளி இயற்பியல் லேபில் கரும்பலகைக்கு எதிர்ச்சுவர் காலியாக இருக்கிறது. விமானம் உருவான காலத்துப் புகைப்படம் ஒன்றை நாலடி அகலத்துக்குப் பெரிதாக்கி, ஃப்ரேம் போட்டு மாட்டலாம் என்று ஆசிரியர்கள் முடிவு செய்துவிட்டார்கள். எந்தப் படம் என்பதில்தான் பேச்சு முடியவில்லை. இதே யோசனையில் இருக்கும் வேறு பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் பயன்படலாம் என்பதால் என் கருத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பேச்சில் இருப்பவை நான்கு படங்கள். ஓட்டோ லிலியந்தால் கிளைடரில் (எஞ்சின் இல்லாமல் காற்றில் சறுக்கிப் பறக்கும் பொறி) தொங்கியபடி செல்லும் படம், சாமுவேல் லாங்லியின் விமானம் ஆற்றில் விழும் படம், ரைட் சகோதரர்களின் 1902 கிளைடர் படம், அவர்களுடைய 1903 முதல் பறத்தல் படம். சாண்டோஸ் டுமோண்டின் பெயரும் வந்தது. அவரையும் விடாமல் சொல்கிறேன்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் இரண்டு வருடம் தொடர்ந்து பார்க்கப்போகும் படம் இது. பார்த்த அன்றே "ஓ, முதல் விமானமா" என்று தீர்ந்துபோனால் சுவர் வீண். பாடம் நகர நகர, படத்திலும் புதிதாக ஏதாவது கண்ணில் பட வேண்டும். என் முதல் அளவுகோல் இதுதான். பெரிதாக்கினால் படம் தாங்குமா என்பதும் முக்கியம், ஆனால் அது இரண்டாவது.

எல்லோரும் முதலில் சொல்லும் 1903 படத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். டிசம்பர் 17, வட கரோலினா கடற்கரையில் கில் டெவில் ஹில்ஸ் மணல்மேட்டுப் பக்கம், காலை 10:35. ஆர்வில் ரைட் கீழ் இறக்கையின் மேல் குப்புறப் படுத்திருக்கிறார். விமானம் தண்டவாளத்தை விட்டு எழும்பி, மணலிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கிறது. வலது பக்கம் அண்ணன் வில்பர், பிடித்து வந்த இறக்கையை அப்போதுதான் விட்டிருக்கிறார். கேமராவை முக்காலியில் நிறுத்தி, விமானம் எந்த இடத்தில் எழும்பும் என்று கணக்குப் போட்டு, அந்த இடத்தை நோக்கித் திருப்பி வைத்தவர் ஆர்வில். கேமராவின் ஷட்டரை இயக்கும் ரப்பர் பல்பை அழுத்தியவர் ஜான் டேனியல்ஸ். பக்கத்திலிருந்த கடலோர உயிர்காப்பு நிலையத்தில் வேலை செய்தவர், அதற்கு முன் கேமராவைத் தொட்டவரே இல்லை. படம் விழுந்திருக்கிறதா என்பது சகோதரர்கள் டேடன் நகரத்துக்குத் திரும்பி, வீட்டு இருட்டறையில் கண்ணாடி நெகட்டிவ் தகட்டைக் கழுவிய பிறகுதான் தெரிந்தது.

இந்தப் படத்தைப் பெரிய அளவில் பார்த்தால், விமானத்தைவிடச் சுற்றியிருக்கும் சாமான்கள் நம்மை இழுக்கும். இறக்கையைத் தாங்கி நிறுத்திய சின்ன பெஞ்சு அப்படியே மணலில் நிற்கிறது. எஞ்சினைக் கிளப்பப் பயன்பட்ட காயில் பெட்டி பக்கத்தில் கிடக்கிறது. மணல் முழுக்கக் காலடித் தடங்கள். ஒரு பரிசோதனை எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. வேலை நடந்த இடம் வேலை நடந்த மாதிரியே இருக்கிறது, படத்துக்காக யாரும் எதையும் ஒதுக்கி வைக்கவில்லை.

அதோடு ஒரு கணக்கும் இதில் ஒளிந்திருக்கிறது. முதல் பறத்தல் 12 விநாடி, 120 அடி, அதாவது சுமார் 37 மீட்டர். வகுத்துப் பார்த்தால் விநாடிக்கு 3 மீட்டர், மணிக்கு 11 கிலோமீட்டர். சைக்கிளில் சாவகாசமாகப் போகும் வேகம். இந்த வேகத்தில் ஒரு விமானம் எப்படி மேலே நிற்கும்? அன்று மணிக்கு 40 கிலோமீட்டர் அளவுக்கு எதிர்காற்று அடித்தது. தரையைப் பொறுத்தவரை விமானம் மெதுவாகத்தான் நகர்ந்தது. காற்றைப் பொறுத்தவரை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போனது. வில்பர் கூடவே ஓட முடிந்ததும், படம் இவ்வளவு தெளிவாக விழுந்ததும் அதனால்தான். சார்பு வேகம் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு இது பொக்கிஷம்.

இவ்வளவு சொல்லிவிட்டு, இதைத் தேர்ந்தெடுக்காமல் விடப்போகிறேன். காரணம் எளிது. இந்தப் படம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, காலண்டரில் இருக்கிறது, வினாடி வினா புத்தகத்தின் அட்டையிலும் இருக்கிறது. பிள்ளைகள் இதைப் பார்ப்பதற்கு முன்பே "முதல் விமானம், ரைட் சகோதரர்கள், 1903" என்ற விடை அவர்கள் வாயில் வந்துவிடும். விடை தெரிந்த பிறகு யாரும் பெஞ்சையும் காயில் பெட்டியையும் தேடப் போவதில்லை. நூலகத்துக்கோ பள்ளி நுழைவாயிலுக்கோ மாட்டுவதாக இருந்தால் இதையேதான் சொல்வேன். லேபுக்கு வேறு ஒன்று வேண்டும்.

பார்த்த மாத்திரத்தில் மனதைக் கவர்வது என்றால் லிலியந்தால்தான். ஜெர்மன் பொறியாளர். 1891-லிருந்து ஐந்து வருடத்தில் ஏறக்குறைய 2000 முறை கிளைடரில் இறங்கியவர். பெர்லினை ஒட்டிய லிஷ்டர்ஃபெல்டேயில் தனக்காகவே 15 மீட்டர் உயரத்துக்கு ஒரு மண்குன்றை எழுப்பிக்கொண்டார். கூம்பு வடிவம் என்பதால், காற்று எந்தத் திசையில் அடித்தாலும் அதை எதிர்த்து ஓடிக் குதிக்கலாம். அவருடைய படங்களில் துணி போர்த்திய அகன்ற இறக்கைகள், நடுவில் தோள்வரை சட்டத்துக்குள் நுழைந்து கைகளில் தொங்கும் மனிதர், கீழே ஆடும் இரண்டு கால்கள். சில படங்களில் வேடிக்கை பார்க்கும் கூட்டமும் உண்டு.

இவரைப் படம் எடுத்தவர்களில் ஒருவர் ஓட்டோமர் அன்ஷூட்ஸ். 1884-இலேயே நாரைகள் பறப்பதைப் படம்பிடித்துப் பேர் வாங்கியவர். விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை திறந்து மூடும் ஷட்டரை உருவாக்கியவரும் அவரே. நாரைகளை அசையாமல் நிறுத்திக் காட்டிய அதே கேமரா வித்தை, பத்து வருடத்துக்குள் மனிதன் பறப்பதையும் நிறுத்திக் காட்டியது. இந்தத் தொடர்ச்சி எனக்கு மிகவும் பிடிக்கும். லிலியந்தாலே நாரைகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். 1889-இல் அவர் எழுதிய புத்தகமும் பறவைகளின் பறத்தலை அடிப்படையாகக் கொண்டதுதான். பத்திரிகைகளில் புகைப்படங்களை நேரடியாக அச்சிடும் முறை பரவிய காலம் அது. அதனால் இந்தப் படங்கள் அமெரிக்கா வரை போயின. மனிதன் பறக்கிறான் என்று படித்ததும், பறப்பதைக் கண்ணால் பார்த்ததும் ஒன்றல்ல என்பது அப்போதைய வாசகர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

ஆனால் லேபில் மாட்டும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. கிளைடரைத் திருப்பவும் நேராக்கவும் லிலியந்தாலிடம் பெரும்பாலும் இருந்தது அவருடைய உடம்பு மட்டும்தான். காலை இந்தப் பக்கம் ஆட்டினால் எடை இந்தப் பக்கம் வரும், கிளைடர் சாயும். சிறிய கிளைடருக்கு, மிதமான காற்றில் இது போதும். 1896 ஆகஸ்ட் 9 அன்று ரீனோ குன்றுகளில் காற்று கிளைடரின் மூக்கை மேலே தூக்கியது. உடம்பை முன்னால் தள்ளியும் சரிசெய்ய முடியவில்லை. விழுந்து முதுகெலும்பு முறிந்து, மறுநாள் பெர்லினில் இறந்தார். இந்த விவரம் படத்தில் தெரியாது. கால்கள் ஆடுவதைப் பார்க்கும் பையனுக்கு அது சாகசமாகத் தெரியுமே தவிர, எடையை நகர்த்திச் சமநிலை காக்கும் முயற்சியாகத் தெரியாது. ஓவிய வகுப்புக்கு இந்தப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

அடுத்தது லாங்லி. இவர் சாதாரண ஆள் இல்லை. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவர், பேர்பெற்ற வானியல் அறிஞர். 1896 மே 6 அன்று, ஆள் இல்லாத, நீராவி எஞ்சின் வைத்த அவருடைய ஐந்தாம் எண் மாதிரி விமானம் போடோமாக் ஆற்றின் மேல் சுமார் ஒரு கிலோமீட்டர் பறந்தது. அப்போது கூடவே இருந்து படம் எடுத்தவர் தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல். படத்தில் விமானம் வானத்தின் நடுவில் சின்னதாகத்தான் தெரிகிறது. நாலடிக்குப் பெரிதாக்கினால் வானம்தான் பெரிதாகும்.

லேபுக்குப் பரிந்துரைக்கப்பட்டது வேறு படம். அமெரிக்கப் போர்த்துறை கொடுத்த 50,000 டாலரில் மனிதன் ஏறும் அளவுக்கு அதே வடிவத்தைப் பெரிதாக்கினார் லாங்லி. ஓட்டுபவர் அவருடைய உதவியாளர் சார்லஸ் மேன்லி. 1903 அக்டோபர் 7 அன்று படகு வீட்டின் கூரையிலிருந்து விசைப்பொறியால் தள்ளிவிட்டார்கள். நேராக ஆற்றில் விழுந்தது. டிசம்பர் 8 அன்று இரண்டாம் முறை. இந்தத் தடவை மூக்கு செங்குத்தாக மேலே எழும்ப, பின்புறம் மடங்கி, படகு வீட்டின் ஓரமாகவே நொறுங்கியது. மேன்லி உறைபனி போன்ற தண்ணீரிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டார். அந்த நொடியைப் பிடித்த படம் இருக்கிறது. ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு எடுத்தது.

தோல்வியைச் சுவரில் மாட்டுவது நல்ல எண்ணம், அதை மதிக்கிறேன். மேன்லி மேம்படுத்திய எஞ்சின் 52 குதிரைத்திறன். ரைட்டுகளின் எஞ்சின் 12 குதிரைத்திறன்தான். நாலு மடங்குக்கும் மேல் பலம் இருந்தும் விழுந்தது ஏன் என்று கேட்டால் வகுப்பு சூடுபிடிக்கும். சின்ன மாதிரியில் தாங்கிய சட்டம், நாலு மடங்கு பெரிதாக்கியபோது தாங்கவில்லை. நீளம் இரண்டு மடங்கானால் பரப்பு நாலு மடங்கு, கன அளவு எட்டு மடங்கு என்ற பாடத்துக்கு இது கச்சிதமான உதாரணம். விசைப்பொறியில் மாட்டியது தான் காரணம் என்று லாங்லி தரப்பு கடைசிவரை சொன்னதும் உண்டு.

இருந்தாலும் தயங்குகிறேன். பக்கத்தில் விளக்கம் இல்லாமல் இந்தப் படம் தனியாகத் தொங்கினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். 1903-இல் பத்திரிகைகள் லாங்லியைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. 1906-இல் அவர் இறந்தார். ஒரு பெரிய மனிதரின் மிக மோசமான நொடியை எடுத்து, அவருடைய மற்ற உழைப்பெல்லாம் தெரியாத இடத்தில் மாட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 1896 படத்தையும் இதையும் ஜோடியாக மாட்ட இடம் இருந்தால் அது வேறு பேச்சு.

பிரேசில்காரரான சாண்டோஸ் டுமோண்டை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். 1906 அக்டோபர் 23 அன்று பாரிஸின் பகடெல் மைதானத்தில் பெரிய கூட்டத்துக்கு முன்னால் 60 மீட்டர், நவம்பர் 12 அன்று 220 மீட்டர். பெட்டிப் பட்டம் மாதிரியான இறக்கைகள், பிரம்புக் கூடைக்குள் நின்றபடியே ஓட்டும் மனிதர். பார்க்க அருமையான படம். பிரேசில் மக்களுக்கு முதல் விமானம் இதுதான், அந்தப் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் பரிசோதனையின் தொடக்கத்தைவிட அதன் வெற்றி விழாவைத்தான் இந்தப் படங்கள் காட்டுகின்றன.

நான் சொல்லும் படம் 1902 அக்டோபர் 24 அன்று கில் டெவில் ஹில்ஸில் எடுத்தது. எஞ்சின் கிடையாது. பின்னாலிருந்து எடுத்திருக்கிறார்கள். வில்பர் குப்புறப் படுத்திருக்கும் இரட்டை இறக்கைக் கிளைடர் மணல்சரிவின் மேல் வலது பக்கம் சாய்ந்து திரும்புகிறது. வலது இறக்கையின் நுனி தரைக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் மணலைத் தொட்டுவிடும் என்று பார்க்கிறவருக்கே பதறும்.

இதன் அருமை தெரிய, ஒரு மாதம் முன்னால் போக வேண்டும். 1902 செப்டம்பரில் இந்தக் கிளைடரைக் கொண்டுவந்தபோது பின்னால் அசையாத செங்குத்துத் தகடுகள் இரண்டு இருந்தன. ஓட்டுபவர் இடுப்பை வைத்துப் படுத்திருக்கும் மரச் சட்டத்தை இடம் வலமாக அசைத்தால் கம்பிகள் இழுத்து இறக்கையின் நுனிகளை முறுக்கும். ஒரு பக்கம் தூக்குவிசை கூடும், மறுபக்கம் குறையும். சாய்ந்த கிளைடரை நிமிர்த்துவது இப்படித்தான். பெரும்பாலான முறை நன்றாகவே வேலை செய்தது. ஆனால் சில தடவை தாழ்ந்த பக்கத்தை நிமிர்த்த முயன்றால் அது நிமிராது. கிளைடர் தாழ்ந்த பக்கமாகச் சறுக்கும், அந்தப் பக்க இறக்கை நுனி மணலில் குத்தி, அதைச் சுற்றியே மொத்தமும் சுழன்று விழும். மணலில் குழி பறித்துவிடுவதால் இதற்குக் கிணறு தோண்டுவது என்றே முகாமில் பேர் வைத்திருந்தார்கள்.

காரணத்தை இருவரும் யோசித்துப் பிடித்தார்கள். கிளைடர் பக்கவாட்டில் சறுக்கும்போது, பின்னாலிருக்கும் அசையாத தகட்டின் மேல் காற்று பக்கத்திலிருந்து மோதுகிறது. அந்த மோதல் மேலே இருக்கும் இறக்கையை இன்னும் வேகமாக முன்னால் சுழற்றுகிறது. வேகம் கூடினால் தூக்குவிசையும் கூடும், அந்த இறக்கை இன்னும் மேலே போகும். காப்பாற்ற வைத்த தகடே கவிழ்த்துவிடுகிறது. அக்டோபர் தொடக்கத்தில் ஆர்வில் ஒரு யோசனை சொன்னார்: தகட்டை அசையும்படி செய்துவிடலாம், சுக்கான் மாதிரி. வில்பர் அதோடு இன்னொன்றைச் சேர்த்தார்: தனியாக ஒரு கைப்பிடி வேண்டாம், இறக்கையை முறுக்கும் கம்பியோடே சுக்கானையும் கட்டிவிடலாம். இரண்டு தகடுகளை எடுத்துவிட்டு ஒன்றைப் பொருத்தினார்கள். அதன் பிறகு கிணறு தோண்டுவது நின்றது. அந்தப் பருவத்தில் மொத்தம் 700 முதல் 1000 முறை வரை சறுக்கிப் பறந்தார்கள். நீண்டது 26 விநாடியில் 622 அடி.

இப்போது படத்துக்குத் திரும்பி வாருங்கள். வலது இறக்கை மணலுக்குப் பக்கத்தில். செப்டம்பரில் இப்படி ஒரு படம் விழுந்திருந்தால் அடுத்த நொடி விபத்து. அக்டோபர் 24 அன்று அதே சாய்வு வில்பர் வேண்டுமென்றே செய்த திருப்பம். திரும்பிவிட்டு நிமிர முடியும் என்று தெரிந்துதான் அவ்வளவு தாழ்வாகச் சாய்க்கிறார். விமானம் கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒரு நாளைக் குறிக்கச் சொன்னால், நான் இந்த அக்டோபரைத்தான் குறிப்பேன். சகோதரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள் போலிருக்கிறது. அவர்கள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1903 மார்ச் மாதம், எஞ்சினோடு பறப்பதற்கு ஒன்பது மாதம் முன்பு. விண்ணப்பத்தில் எஞ்சின் இல்லை. இறக்கையை முறுக்குவதும் சுக்கானும் சேர்ந்து வேலை செய்யும் இந்த ஏற்பாடுதான் இருக்கிறது.

வகுப்பில் இதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சாய்வான சாலை வளைவும் மையநோக்கு விசையும் நடத்தும் அன்று, தூக்குவிசையின் கிடைக்கூறு எந்தப் பக்கம் என்று படத்தின் மேலேயே விரல் வைத்துக் காட்டலாம். திருப்பு விசைக்கு, இறக்கை நுனியை முறுக்கினால் ஏன் நடுப்பகுதியை முறுக்குவதைவிடப் பலன் அதிகம் என்று கேட்கலாம். சுக்கானைக் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் ஆசிரியர் சொல்லாமல் விட்டுவைக்க வேண்டும். யாராவது ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும்.

பெரிதாக்கினால் தாங்குமா? சகோதரர்கள் 1902-இல் வாங்கிய கொரோனா கேமராவில் 5 அங்குலத்துக்கு 7 அங்குலக் கண்ணாடித் தகடு. அந்த அளவு நெகட்டிவில் நாலடி பிரிண்ட் தாராளமாக எடுக்கலாம். எக்ஸ்போஷர் நேரம், லென்ஸ் திறப்பு, தகட்டின் வகை, இடம், தேதி எல்லாவற்றையும் நோட்டில் குறித்து வைத்த ஆட்கள் அவர்கள். பறப்பதில் காட்டிய அதே கவனம் படத்திலும் உண்டு. 1901-இல் சிகாகோவில் பொறியாளர்கள் முன் வில்பர் பேசியபோது, இருட்டறையில் தகட்டில் உருவம் எழும்பும் வேளையில், கிடைத்தது பறக்கும் பொறியா வெறும் வானமா என்று காத்திருப்பதும் மணல்மேட்டில் பறப்பதற்குச் சமமான பரபரப்பு என்ற பொருளில் சொல்லியிருக்கிறார்.

தகடுகள் பட்ட பாடும் கொஞ்சமில்லை. 1913 மார்ச் மாதம் டேடனில் வெள்ளம் வந்தபோது, வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் இருந்த நெகட்டிவ்கள் தண்ணீரில் மூழ்கின. பலவற்றில் பூச்சு உரிந்து திட்டுத் திட்டாகிவிட்டது. 1903 படத்தின் தகட்டிலும் ஓரத்தில் கொஞ்சம் போய்விட்டது. ஆர்வில் இறந்த பிறகு, 1949-இல் சுமார் 300 நெகட்டிவ்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. அந்த நூலகத்தின் இணையதளத்தில் பெரிய அளவு டிஃப் கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம், காசு இல்லை. தேடலில் முதலில் வரும் ஜேபெக்கை எடுத்து பிரிண்டுக்குக் கொடுத்துவிட வேண்டாம். மறுவெளியீடுகளில் பெரும்பாலும் ஓரத்தை வெட்டியிருப்பார்கள், கான்ட்ராஸ்ட்டையும் ஏற்றியிருப்பார்கள்.

பிரிண்ட் போடும் இடத்தில் இரண்டு விஷயம் கறாராகச் சொல்லுங்கள். வெள்ளத்தால் வந்த திட்டுகளையும் கீறல்களையும் ஃபோட்டோஷாப்பில் துடைக்கக் கூடாது. அவையும் அந்தத் தகட்டின் வரலாறுதான். அப்புறம், கலர் போட்டுத் தருகிறோம் என்பார்கள், வேண்டாம். பளபளப்பு இல்லாத மேட் தாளில் எடுங்கள். லேபில் டியூப் லைட் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்தால் இறக்கை நுனிதான் முதலில் மறையும்.

படத்துக்குக் கீழே எழுதும் குறிப்பில் "முதல் விமானம்" என்ற சொல்லே வர வேண்டாம். இப்படி எழுதினால் போதும்: "வில்பர் ரைட், 1902 அக்டோபர் 24. எஞ்சின் இல்லை. வலது இறக்கை ஏன் இவ்வளவு தாழ்ந்திருக்கிறது?" பட்ஜெட்டில் மிச்சம் இருந்தால் 1903 படத்தைச் சின்னதாக எடுத்து நூலக வாசலில் மாட்டுங்கள், 37 மீட்டர், 12 விநாடி என்ற இரண்டு எண்களை மட்டும் கீழே போட்டு.